பாதி விலைக்கு வரும் சொகுசு கார்: பெட்ரோலா, டீசலா?

கடிதத்தின் சாரம்

மடிப்பாக்கத்திலிருந்து 46 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெருங்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தின் நிதிப் பிரிவில் வேலை. வீட்டிலிருந்து அலுவலகம் 7 கிலோமீட்டர். ஆண்டுக்கு மூன்று தடவை சொந்த ஊரான கும்பகோணத்துக்குக் குடும்பத்துடன் காரில் போய்வருகிறார். பத்தாண்டுகளாக ஓட்டிய சிறிய காரைக் கொடுத்துவிட்டு, 20 லட்சம் ரூபாய்க்குள் பழைய சொகுசு செடான் ஒன்றை வாங்க நினைத்து, இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று, டெல்லிப் பதிவு எண் கொண்ட 2018-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் சி 220டி டீசல், 41,000 கிலோமீட்டர் ஓடியதாகக் காட்டுகிறது, சென்னையில் ஒரு பழைய கார் விற்பனையாளரிடம் நிற்கிறது, விலை 17.5 லட்சம். மற்றொன்று, சென்னையிலேயே பதிவான 2018 ஆடி ஏ4 30 டிஎஃப்எஸ்ஐ பெட்ரோல், 52,000 கிலோமீட்டர், 2021 மார்ச்சில் வாங்கிய இரண்டாவது உரிமையாளர் நேரடியாக விற்கிறார், 19.25 லட்சம் கேட்கிறார்.

“ஜெர்மன் டீசல் எஞ்சின் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும், எரிபொருள் செலவும் பாதிதான், யோசிக்காமல் பென்ஸை எடுங்கள்” என்கிறாராம் வாசகரின் மைத்துனர். “ஏழு கிலோமீட்டர் போய்வர எதற்கு இந்த வம்பு?” என்கிறாராம் மனைவி. டீசல்தான் சிக்கனமா, டெல்லியைப் போலத் தமிழ்நாட்டிலும் பழைய டீசல் கார்களுக்குத் தடை வந்துவிடுமா, இத்தகைய வண்டியைப் பராமரிக்க ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பவை வாசகரின் கேள்விகள். ஆடி காரின் நடப்புக் காப்பீட்டுப் பாலிசியின் நகலையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

மோட்டார் காப்பீட்டு இழப்பீடுகளை மதிப்பிடும் சர்வேயர் என்ற முறையில், சொகுசு கார்களை ஷோரூமில் பார்ப்பதைவிடப் பணிமனையில் பிரித்துப் போட்ட நிலையில்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அந்தக் கோணத்திலிருந்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு ஆண்டுகளில் இந்த வண்டிகளின் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. நீங்கள் கொடுப்பது 18 லட்சமாக இருக்கலாம். ஆனால் ஒரு முன்விளக்கோ, ஏசி கம்ப்ரஸரோ, கியர்பாக்ஸின் மின்னணுப் பகுதியோ போனால், கடைக்காரர் உங்களிடம் கேட்பது 40 லட்ச ரூபாய் வண்டிக்கான விலையைத்தான். ஆகவே 20 லட்சம் என்பது வண்டியின் விலையல்ல, உங்கள் மொத்தத் தொகை என்று கொள்ளுங்கள். அதில் 3 லட்சத்தைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, மிச்சத்துக்குள் எந்த வண்டி வருகிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் நீங்கள் பார்த்த இரண்டுமே, கேட்கும் விலையில், உங்கள் வரம்புக்கு வெளியே நிற்கின்றன.

உங்கள் ஓட்டம் எவ்வளவு?

ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த விவரங்களையே கூட்டிப் பார்த்தேன். அலுவலகத்துக்கு நாளொன்றுக்கு 14 கிலோமீட்டர் வீதம் 250 நாட்களுக்கு 3,500. கும்பகோணம் போய்வர ஏறத்தாழ 600 கிலோமீட்டர் என்றால் மூன்று தடவைக்கு 1,800. கடைகண்ணி, மருத்துவமனை, உறவினர் வீடு என்று ஒரு 1,500. மொத்தம் 7,000 கூடத் தேறவில்லை.

இப்போது எரிபொருள் கணக்கைப் பாருங்கள். சென்னையில் பெட்ரோல் லிட்டர் 101 ரூபாயை ஒட்டியும் டீசல் 92 ரூபாயை ஒட்டியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேளச்சேரி, தரமணி நெரிசலில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டரும் டீசல் வண்டி 13 கிலோமீட்டரும் கொடுத்தால், ஆண்டுச் செலவு முறையே ஏறத்தாழ 71,000 ரூபாயும் 50,000 ரூபாயும் ஆகும். வித்தியாசம் 21,000. ‘பாதி செலவு’ என்று உங்கள் மைத்துனர் சொன்னது இதில் வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாரந்தோறும் பெங்களூருக்குக் காரில் போய்வருகிறவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு டீசல் சரி. அவருடைய எஞ்சின் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் எனக்கு ஆச்சரியமில்லை. அதே எஞ்சினை உங்கள் 7 கிலோமீட்டர் பாதையில் போட்டால் கதை வேறு.

காரணம், எஞ்சினைவிட அதன் புகைப்பாதையில்தான் இருக்கிறது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 புகை உமிழ்வு விதிகளின்படியான டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. பணிமனைகளில் அதை டிபிஎஃப் என்பார்கள். அதற்கு முந்தைய பிஎஸ்-4 ஜெர்மன் டீசல்கள் பலவற்றிலும் இது இருக்கிறது. பிடித்து வைத்த கரியை வண்டியே அவ்வப்போது எரித்துத் தள்ள வேண்டும். அதற்குப் புகையின் வெப்பம் 600 டிகிரியை ஒட்டி உயர வேண்டும். தடையில்லாத சாலையில் கால்மணி நேரமாவது ஓட வேண்டும். மடிப்பாக்கத்திலிருந்து கிளம்பி சிக்னலுக்குச் சிக்னல் நின்று பெருங்குடி சேர்வதற்குள் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்திருந்தாலே பெரிய விஷயம். எரிப்பு தொடங்கிய நேரத்தில் நீங்கள் அலுவலக வாசலில் எஞ்சினை அணைத்துவிடுவீர்கள். எரிப்புக்காகக் கூடுதலாகத் தெளிக்கப்பட்ட டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப் போகும். அதைத் தொடர்ந்து டர்போவும் பேரிங்குகளும் தேயும். புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்கே அனுப்பும் இஜிஆர் வால்வும் இப்படிப்பட்ட ஓட்டத்தில் கரியேறி இறுகிவிடும். இவற்றில் ஒன்றைப் புதிதாக மாற்ற நேர்ந்தாலே, பல ஆண்டுகள் டீசலில் மிச்சம் பிடித்த தொகை ஒரே பில்லில் போய்விடும்.

வடிகட்டியை உடைத்தெடுத்துவிட்டு மென்பொருளை மாற்றித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். அது உமிழ்வு விதிகளை மீறும் செயல். விபத்துக்குப் பிறகு வண்டியைப் பார்க்க வரும் சர்வேயரிடமும், அனுமதியில்லாத மாற்றம் குறித்து நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பெட்ரோல் என்றால் தொல்லையே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். நீங்கள் பார்த்த ஆடி போன்ற வண்டிகளில் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படுவதால், உள்ளிழுக்கும் வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை. நாளடைவில் அவற்றின் மேல் கரி படியும். ஸ்பார்க் பிளக்கும் இக்னிஷன் காயிலும் தேய்பொருட்கள். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், ஊர்ந்து போகும் நெரிசலில் அதிகம் உழைக்கிறது. இந்த ஏ4-இல் இருப்பது ஆயிலில் மூழ்கிய கிளட்ச். ஆடி சார்ந்த குழுமத்தின் சிறிய கார்கள் சிலவற்றில் வரும் உலர் கிளட்ச்சைவிட வெப்பத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் அந்த ஆயிலை ஏறத்தாழ 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றிய அச்சத்தையும் எழுதியிருக்கிறீர்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆகவே 20 சதவீதக் கலப்பில் எரிபொருளின் ஆற்றல் 6 முதல் 7 சதவீதம் குறையும். மைலேஜில் அது தெரியும். 2018 வண்டி இ20-க்கென்று வடிவமைக்கப்பட்டதல்ல என்பதால், ரப்பர் குழாய்களையும் சீல்களையும் ஆண்டுக்கொருமுறை பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. அரை டேங்க் பெட்ரோலோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். தினமும் ஓடும் காருக்கு இது தூக்கத்தைக் கெடுக்கும் விஷயமல்ல.

ஆக, உங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோல்தான். இதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் பெட்ரோல் என்று முடிவாவதும் இந்தப் பெட்ரோல் வண்டியையே வாங்குவதும் ஒன்றல்ல. அதற்குக் கீழே வருகிறேன்.

டெல்லி வண்டி ஏன் மலிவு?

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் பிறப்பித்து, உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்த தடை, பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளையும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் பற்றியது. அது டெல்லியையும் அதைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர்ப் பகுதியையும் மட்டுமே கட்டுப்படுத்துவது. 2025-இல் உச்ச நீதிமன்றமே அதன் கடுமையைத் தளர்த்தியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் சொந்தப் பயன்பாட்டு காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதிப் பரிசோதனை செய்து, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். இங்கும் நாளையே அப்படியொரு தடை வரும் என்று அஞ்சி முடிவெடுக்க வேண்டியதில்லை. ஆனால் டெல்லிக்காரர்கள் பத்தாண்டு நெருங்கும் டீசலைக் கழித்துக்கட்டும் அவசரத்தில் இருந்ததுதான் இந்த விலைக்குக் காரணம் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். விற்பனையாளர் உங்களுக்குச் சலுகை காட்டவில்லை.

அந்த 17.5 லட்சத்தின் மேல் இன்னும் என்னென்ன ஏறும்? வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு டெல்லிப் பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) வேண்டும். கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான வங்கிக் கடிதமும் படிவம் 35-உம் வேண்டும். இவற்றைவிடக் கனமானது தமிழ்நாட்டு ஆயுட்கால வரி. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்ப விகிதம் குறையும் என்றாலும், கணக்கிடப்படுவது அந்தக் காரின் அசல் விலையின் மேல். நீங்கள் கொடுக்கும் 17.5 லட்சத்தின் மேல் அல்ல. அசல் விலை 40 லட்சம் என்றால், ஒவ்வொரு சதவீதமும் 40,000 ரூபாய். டெல்லியில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்க வழி உண்டு. கேட்டு வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். “என்.ஓ.சி. வந்துவிட்டது, பெயர் மாற்றம் பத்து நாள் வேலை” என்று விற்பனையாளர் சொன்னது வரியைப் பற்றி எதுவும் சொல்லாத வாக்கியம். வரி யார் கட்டுவது, எவ்வளவு என்பதை உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. ‘2018 சி 220டி’ என்று மட்டும் சொன்னால் அது எந்த வண்டி என்று எனக்குத் தெரியாது. அந்த ஆண்டு செப்டம்பரில் புதுப்பித்த சி கிளாஸ் இந்தியாவில் அறிமுகமானபோது எஞ்சினே மாறிவிட்டது. ஆர்.சி.யில் எஞ்சின் கொள்ளளவைப் பாருங்கள். 2143 சிசி என்றிருந்தால் பழைய எஞ்சின், பிஎஸ்-4. 1950 சிசி என்றிருந்தால் புதியது, பிஎஸ்-6. இதற்கு டீசலோடு, புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்புளூ திரவமும் ஊற்ற வேண்டும். இரண்டையும் ஒரே விலைக்குப் பேசுகிற விற்பனையாளருக்கு ஒன்று தெரியவில்லை, அல்லது நன்றாகத் தெரிந்திருக்கிறது. பழைய எஞ்சினில் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் அமைந்திருப்பதால், அது தளர்ந்து சத்தம் போட ஆரம்பித்தால் செலவு பெரிது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எட்டு வயது டீசல் கார் 41,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்பதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது இரண்டு சந்தேகங்களைத் தருகிறது. மீட்டர் குறைக்கப்பட்டிருக்கலாம். அல்லது, உண்மையிலேயே குறைவாக ஓடியிருந்தால், மேலே சொன்ன குட்டிப் பயணங்களில்தான் ஓடியிருக்கும். பழைய கார் விளம்பரங்களில் வரும் ‘டாக்டர் ஓட்டிய வண்டி’ மீது எனக்குப் பெரிய மதிப்பில்லாததற்கும் இதுவே காரணம். கிளினிக்குக்கும் வீட்டுக்கும் ஓடியது டீசல் வண்டிக்குப் பாராட்டுப் பத்திரம் ஆகாது.

ஆடி காரின் பாலிசியில் ஓர் எண்

நீங்கள் அனுப்பிய பாலிசி நகல் 2025 மார்ச்சில் தொடங்குகிறது. அதில் நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதம் என்றிருக்கிறது. நீங்கள் இதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். என் கண் முதலில் அங்கேதான் போகும்.

இழப்பீடு கோராத ஒவ்வோர் ஆண்டுக்கும், காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடியாகக் கிடைக்கும் இந்தப் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படியேறும். ஒருமுறை கோரினால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யத்துக்கு இறங்கும். இப்போதைய உரிமையாளர் 2021 மார்ச்சில் வாங்கினார். முந்தைய உரிமையாளரின் போனஸ் வண்டியோடு அவருக்கு வராது, ஆகவே பூஜ்யத்தில் தொடங்கினார் என்று கொள்வோம். இடையில் எதுவும் நடக்காமல் இருந்திருந்தால் 2022-இல் 20, 2023-இல் 25, 2024-இல் 35, 2025-இல் 45 சதவீதம் இருந்திருக்க வேண்டும். 20 மட்டுமே இருக்கிறது என்றால், 2024 மார்ச்சில் அது பூஜ்யமாக இருந்திருக்கிறது. அதாவது 2023 மார்ச்சுக்கும் 2024 மார்ச்சுக்கும் இடையில் ஏதோ ஓர் இழப்பீடு. மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது 2023 டிசம்பர் முதல் வாரத்தில்.

இதை வைத்து அவரைக் குற்றவாளியாக்கிவிட வேண்டாம். பம்பர் உரசலுக்குக் கோரியிருக்கலாம். பாலிசி காலாவதியாகி 90 நாட்களுக்குள் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலும் போனஸ் போய்விடும். ஆனால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. 2023-ஆம் ஆண்டுப் பாலிசியையும், அந்த இழப்பீட்டின் பணிமனை பில்லையும் காட்டச் சொல்லுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லாதவர் தேடி எடுத்துத் தருவார். தர மறுத்தால் மேலே பேச வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியில் எஞ்சினைக்கூடச் சரிசெய்துவிடலாம். வயரிங்கும் கட்டுப்பாட்டு அலகுகளும்தான் பிரச்சினை. பல ஜெர்மன் கார்களில் இவை முன் இருக்கைக்கு அடியிலும் டிக்கியின் பக்கவாட்டிலும் தாழ்வாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. முழங்கால் அளவுத் தண்ணீர் உள்ளே புகுந்து வடிந்தாலும், இணைப்பான்களின் ஊசிகளில் பச்சைப் பாசி போல அரிப்பு தொடங்கி, ஒரு வருடம் கழித்து ஏர்பேக் விளக்கு எரியும்; பிறகு ஜன்னல் இறங்காது; பிறகு ஒருநாள் வண்டியே கிளம்பாது. பார்ப்பதற்கு வழி உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் நீர்க்கறை இருக்கும், அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. இருக்கையை முழுதும் பின்னால் தள்ளி, தண்டவாளத்தின் திருகுகளில் துரு இருக்கிறதா என்று கைவிளக்கடித்துப் பாருங்கள். டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கி மூலையில் விரலை விடுங்கள். மெல்லிய வண்டல் விரலில் ஒட்டும். கதவைத் திறந்ததும் வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள்.

மற்றச் சோதனைகளை ஒரு நல்ல பணிமனையில் காசு கொடுத்துச் செய்யுங்கள். விற்பவர் சொல்லும் பணிமனையில் வேண்டாம். அங்கே மூன்று விஷயங்களைக் குறிப்பாகக் கேளுங்கள். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் முதல் ஸ்டார்ட்டைக் கேட்க வேண்டும்; நீங்கள் போகும்போதே பானட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஸ்கேனரில் பிழைக் குறியீடு இல்லை என்பதோடு நிறுத்தாமல், வண்டியின் சுயசோதனைகள் முடிந்த நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்; முடியாமல் இருந்தால், குறியீடுகளைச் சற்று முன்புதான் அழித்திருக்கிறார்கள் என்று பொருள். டாஷ்போர்டைத் தவிர மற்ற அலகுகளில் பதிவாகியிருக்கும் கிலோமீட்டரையும், சேசிஸ் எண்ணைக் கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தின் பதிவையும் ஒப்பிடச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணும் பேசும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது, அதை மாற்றும் செலவு உங்களுடையது.

டெஸ்ட் டிரைவுக்கு உங்கள் தந்தையையும் அழைத்துப் போங்கள். மூட்டுவலி உள்ளவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த செடான்கள் தாழ்வானவை. ஏறி இறங்க அவர் சிரமப்பட்டால் மற்ற எல்லாக் கணக்கும் வீண்.

வாங்கிய பிறகு

ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற உங்கள் கேள்விக்கு, எரிபொருள் நீங்கலாக, காப்பீட்டையும் சேர்த்து ஒன்றரை லட்சம் என்று கொள்ளுங்கள். ஓர் ஆண்டில் அது மிஞ்சும். மறு ஆண்டில் போதாது. மிஞ்சியதைச் செலவழித்துவிடாதீர்கள்.

கையேட்டில் எஞ்சின் ஆயிலுக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று இருக்கும். சென்னை வெயிலில் ஊர்ந்து போகும் வண்டிக்கு 7,500 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலோ அதுவே சரி. ஆயிலில் ‘சிந்தெடிக்’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. உங்கள் வண்டியின் கையேடு கேட்கும் தர எண் டப்பாவில் அச்சாகியிருக்க வேண்டும். ‘ஆயுட்காலத்துக்கும் மாற்ற வேண்டாத’ கியர் ஆயில் என்று யாராவது சொன்னால் யாருடைய ஆயுட்காலம் என்று கேளுங்கள். பிஎம்டபிள்யூ கார்களுக்கு எட்டு கியர் பெட்டி செய்துதரும் இசட்எஃப் நிறுவனமே ஏறத்தாழ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. பிரேக் திரவம் இரண்டாண்டுக்கு ஒருமுறை. கூலன்ட் குறைந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள். நம் பகுதிக் கடின நீர் ரேடியேட்டருக்குள் உப்பாகப் படியும். கூலன்ட் குறைவதே கசிவின் அறிகுறி. இந்த வயதில் பிளாஸ்டிக் இணைப்புகள் வெப்பத்தில் விரிசல் விடும், காரணத்தைத் தேட வேண்டும். பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, உள் அலங்காரப் பொருட்கள் போன்றவற்றைப் பில்லோடு வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள்.

பெயர் மாற்றமும் காப்பீடும்

வண்டி ஒத்துவந்து விலையும் படிந்தால், பணம் முழுவதையும் வங்கி வழியே கொடுத்து, படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, நீங்கள் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாங்குபவர் பெயர் மாற்றாமல் இழுத்தடித்தால் விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பழைய உரிமையாளர் தலையில் விழும் என்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாக்கியிருக்கிறது. ஆகவே உங்கள் சிறிய காரை விற்கும்போது நீங்களும் இதே கண்டிப்பைக் காட்டுங்கள்.

“பாலிசி நவம்பர் வரை இருக்கிறது, அப்படியே ஓட்டிக்கொள்ளலாம்” என்று புரோக்கர்கள் சொல்வதுண்டு. அது பாதிதான் உண்மை. மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு உங்களுக்கு வந்துவிடும். உங்கள் வண்டிக்கான சேதக் காப்பீடு தானாக வராது. 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் பெயரை மாற்ற வேண்டும், பழையவரின் போனஸ் தொகையைக் கட்டிச் சரிசெய்ய வேண்டும். வண்டி உங்கள் பெயரிலும் பாலிசி அவர் பெயரிலும் இருந்து நிராகரிக்கப்பட்ட இழப்பீட்டுக் கோப்புகள் ஏராளம்.

ஐந்து முதல் பத்து வயது வண்டிக்கு, சாதாரணப் பாலிசியில் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதமும் பிளாஸ்டிக், ரப்பருக்கு 50 சதவீதமும் தேய்மானம் கழிப்போம். பம்பரும் முன்விளக்கும் பிளாஸ்டிக் கணக்கில் வருபவை. அதாவது பாதிச் செலவு உங்களுடையது. தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீட்டை இந்த வயதுக்கு எல்லா நிறுவனங்களும் தருவதில்லை. எது தருகிறது என்று வண்டி வாங்குமுன் விசாரியுங்கள். மூன்றாம் நபர் கட்டணத்தில் மட்டும் ஆடிக்குச் சிறிய ஆதாயம் உண்டு: 1395 சிசி என்பதால், 2022-இல் நிர்ணயித்த விகிதப்படி 3,416 ரூபாய், 1500 சிசிக்கு மேற்பட்ட பென்ஸுக்கு 7,897.

மடிப்பாக்கத்தில் இருப்பதால் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீட்டைக் கட்டாயம் சேருங்கள். மழை எச்சரிக்கை வந்ததும் உங்கள் பகுதிக்காரர்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்துவதைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த நீர் சுருங்காது. ஒரே முயற்சியில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அந்தச் சேதத்தைச் சாதாரணப் பாலிசி ஏற்காது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, இழுவை வண்டியை வரவழைத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, ஆடி உரிமையாளரிடம் 2023-ஆம் ஆண்டுப் பாலிசியைக் கேட்பது. பதில் திருப்தியாக இருந்து, வண்டி சோதனையிலும் தேறினால், 17 லட்சத்தை ஒட்டி விலை பேசுங்கள். அவர் இறங்கி வராவிட்டால் விட்டுவிடுங்கள். பருவமழைக்கு முன்னால் இதே ரக பெட்ரோல் வண்டிகள் சென்னையில் இன்னும் சில விற்பனைக்கு வரும்.